தோற்றுவிடுவாள் என்று குறித்த முகூர்த்தம்

செந்திலு,

அச்சாபீஸ்காரர் இன்று காலை உன் கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார், நடுவில் உன் பெயர், அவள் பெயர், தை மாதத் தேதி. அழகாகத்தான் இருந்தது. காபி கொடுத்து, தேதியை மட்டும் மாசிக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். பதறாதே, கல்யாணம் நிற்கவில்லை. தேதிதான் தள்ளிப் போயிருக்கிறது. உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்று போனில் சொல்ல வந்தால் 'அம்மா, பேஷன்ட் இருக்காங்க, அப்புறம் பேசறேன்' என்பாய். அந்த அப்புறம் எனக்கு வந்ததே கிடையாது. அதனால் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் இதில் இல்லை. நீ நலமாக இருப்பதை வாட்ஸப்பிலேயே பார்த்துவிட்டேன், தொப்பை போட்டிருக்கிறது. படிக்கும்போது கோபம் வரும். வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்துப் படி, பாதியில் வைத்துவிடாதே.

ஐப்பசி மழையில் நீ அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு தோஹா ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினாய். "தோள் ஆறுற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்மா. உங்களுக்கும் பழகும், அவளுக்கும் பழகும்" என்றாய். சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு உதறல்தான். ரஷ்யாவில் இருந்து வந்த பெண், என்னைவிட ஒன்றரை அடி உயரம், தோசைக் கரண்டியை டென்னிஸ் மட்டை பிடிப்பதுபோலப் பிடிக்கிறாள். அவள் பெயர் ஸ்வெத்லானா, வீட்டில் ஸ்வெத்தா என்று நீ சொல்லிக்கொடுத்தாய். நம் தெருவுக்கு அதெல்லாம் ஆகுமா? வந்த மறுநாளே அவள் ஸ்வேதா ஆகிவிட்டாள். அச்சாபீஸ்காரரும் ஸ்வேதா என்றுதான் கோத்திருக்கிறார். வாசகம் எழுதிக் கொடுத்தபோதே அவளிடம் காட்டினேன், அவளுக்கும் அதுவே பிடித்துவிட்டது.

பெயர் கிடைத்தது, ஊர்தான் கிடைக்கவில்லை. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், வாக்கப்பட்டு வந்தவளைப் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். திண்டிவனத்துக்கு வந்த நாளில் இருந்து நான் கண்டாச்சிபுரத்தா. எனக்கு ஒரு பெயர் இருப்பதே ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும்தான் தெரியும். அதனால் தெருவில் எல்லோரும் அவளைக் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊரும்மா? அவள் வோல்கா ஆற்றங்கரையில் ஏதோ ஒரு ஊரைச் சொன்னாள். அதைத் திருப்பிச் சொல்ல நமக்கு நாக்கு இரண்டு வேண்டும். ஒருநாள் அவள் போனில் டென்னிஸ் வீராங்கனைகள் பெயர் வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நாட்டுக் கொடி. அவள் பெயருக்குப் பக்கத்தில் வெறும் இடம். "இது இன்னாடி, உனக்கு மட்டும் காணோம்?" என்றேன். பக்கத்து நாட்டோடு சண்டை ஆரம்பித்ததில் இருந்து ரஷ்யாக்காரர்களுக்கு அப்படித்தானாம், ஆடலாம், கொடி கிடையாது. அவள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். நான் இன்னொரு தோசை ஊற்றினேன்.

தோள் கொஞ்சம் தேறியதும், விழுப்புரத்தில் டென்னிஸ் ஆட இடம் இருக்கிறது என்று உன் அத்தை விசாரித்துச் சொன்னாள். தினமும் காலையில் இவளும் நானும் பஸ் ஏறினோம். முதுகில் அவ்வளவு பெரிய பை. எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு மல்லிகா கேட்டபோது, நான் நீ சொல்லிக்கொடுத்தபடியே கோர்ட்டுக்கு என்றேன். அவ்வளவுதான். நாலு நாளில் தெரு முழுக்கப் பேச்சு. "கண்டாச்சிபுரத்தா மருமவ டெய்லி விழுப்புரம் கோர்ட்டுக்குப் போய்க்கினு இருக்குதே, இன்னா கேசு?" விசா கேசு என்று ஒருத்தி, ரஷ்யாவில் ஏற்கெனவே கல்யாணம் ஆகி அந்தக் கேசு நடக்கிறது என்று இன்னொருத்தி. மல்லிகா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்க சித்தப்பா பையன் வக்கீல்தான்க்கா, வேணும்னா சொல்லுங்க, பீஸெல்லாம் பாத்துக்கலாம் என்றாள். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. விஷயம் தெரிந்த பிறகும் மல்லிகா விடவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வாசலில் நின்றுகொண்டு, "இன்னாம்மா ஸ்வேதா, கேசு ஜெயிச்சியா, தோத்தியா?" என்பாள். இவளும் பையை இறக்கி வைத்துவிட்டு, "ஜெயிச்சேன்" என்பாள், சில நாள் "தோத்துட்டேன்" என்பாள். அங்கே அவளோடு ஆடியது பேங்கில் ரிட்டயரான ஒரு சாரும் காலேஜ் பையன்களும்தான், இவள் தோற்க வழியே இல்லை. மல்லிகாவைச் சிரிக்கவைக்கத்தான் தோத்துட்டேன் என்பாள். உன் வைத்தியப் படிப்பு போகட்டும், அவள் தமிழில் சுத்தமாகக் கற்றுக்கொண்ட முதல் இரண்டு வார்த்தை இதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

அப்புறம் நான் ஒன்று சொல்லிக்கொடுத்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்லக் கூடாது, போய்ட்டு வர்றேன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டாள். போகிறவர்கள் திரும்பி வர வேண்டாமா என்றேன். அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பால் வாங்கத் தெருமுனைக்குப் போனால்கூட, "போய்ட்டு வர்றேன் அத்தை." மாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட. உங்கப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. "பாருமே, உம்புள்ளை இத்தினி வருஷத்துல ஒரு நாளாச்சும் சொல்லியிருப்பானா?" என்பார்.

மத்தியானங்களில் இருவரும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு உட்காருவோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவளுக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்தால் ஒரு ஆள் பேசுகிற அளவுக்குத் தேறும். அதில்தான் அவள் கதையைக் கேட்டேன். நீ ஒரு வருஷமாகப் பழகியும் இதில் எவ்வளவு கேட்டாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கு அவள் தோள்பட்டை எலும்பு எல்லாம் பேர் பேராகத் தெரியும். அவளுடைய அம்மா பஸ் ஓட்டியவள். அப்பா சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பனி கொட்டுகிற ஊர், வருஷத்தில் பாதி நாள் வெளியே ஆட முடியாது. ஒரு பழைய தொழிற்சாலைக் கூடத்துக்குள் தரையில் கோடு போட்டு ஆட விட்டிருக்கிறார்கள். அம்மா வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வருகிறவரைக்கும் பிள்ளையை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் அம்மா வந்ததும் ஓடிவிடுமாம். இவள் அம்மாவை உட்காரவைத்துவிட்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆடுவாளாம். பதினாலு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊரில் விடுதியில் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து இன்றுவரை பெட்டி மேல்தான் வாழ்க்கை.

இருபத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு நல்ல வருஷம். மெல்போர்னில் நடக்கிற அந்தப் பெரிய போட்டிக்குப் போனாள். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் தகுதிக்கு மூன்று ஆட்டம் வைப்பார்களாம், மூன்றையும் ஜெயித்தால்தான் உள்ளே. மூன்றையும் ஜெயித்தாள். உள்ளே போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோற்றதைச் சொல்கிற முகமா அது! "அத்தை, பெரிய கோர்ட். பெரிய சத்தம். என் பேர் சொன்னாங்க, மைக்ல" என்றாள். மல்லாட்டை கையிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் தோள் போயிற்று, ஆபரேஷன், ஒரு வருஷம் ஆட்டமே இல்லை. இந்த ஆட்டத்தில் சம்பாதித்த புள்ளிகளைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாதாம், ஒரு வருஷம் ஆனால் காலியாகிவிடுமாம். போன வருஷத்து விளைச்சலைச் சொல்லி இந்த வருஷம் சோறு கேட்க முடியுமா, அதுபோலத்தான். ஒன்றும் இல்லாமல் மறுபடி ஆரம்பித்து, துருக்கி, எகிப்து என்று பேர் தெரியாத ஊர்களில், பார்க்க ஆள் இல்லாத ஆட்டங்களில் ஆடி, ரூமில் துணி துவைத்துக் காயப்போட்டு, மெல்ல மெல்ல ஏறி வந்திருக்கிறாள். அப்படி ஏதோ ஒரு ஊரில்தான், போட்டிக்கு வைத்தியம் பார்க்கப் போன நீ அவள் தோளுக்கு மருந்து கட்டினாய். இப்போது முப்பத்தொன்று. எல்லாரும் விட்டுவிடுகிற வயது என்கிறாய். இருக்கலாம்.

கார்த்திகையில் பெங்களூரில் இரண்டு வாரம் போட்டி என்றபோது, துணைக்கு நானும் போனேன். முதல் வாரம் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். எதிரே ஆடியது பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு குட்டி, ஒவ்வொரு பந்துக்கும் காட்டுக் கத்தல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குட்டியின் சடையைப் பிடித்து இழுத்திருப்பேன். இவள் போய்க் கை கொடுத்தாள், சிரித்தாள், ஈரத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள், என்னிடம் வந்து "அத்தை, பசிக்குது" என்றாள். சாப்பிட்டதும் மறுபடி காலி கோர்ட் கேட்டு வாங்கி, தனியாக நின்று பந்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இது என்ன வேலை? எந்த ஊரில் போட்டி நடந்தாலும், வந்தவர்களில் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுகிறார்கள். வாராவாரம் இப்படித் தோற்று, மறு வாரம் புதுசாக ஜெயிக்கப் போகிறோம் என்று நம்பிக் கிளம்ப எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நான் ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டால் ஒரு வாரம் அந்தக் குழம்பே வைக்க மாட்டேன். இரண்டாம் வாரம் அதே குட்டியை ஜெயித்து, இன்னும் இரண்டு பேரை ஜெயித்து, அரை இறுதி வரைக்கும் போனாள். அந்தப் புள்ளியில்தான் மெல்போர்ன் தகுதி ஆட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. பட்டியலில் கடைசியில், கொடி இல்லாமல், அவள் பெயர். போனைப் பிடித்துக்கொண்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். இந்த உடம்பை! அந்தத் தோளோடு! கீழே இறக்கிவிடுடி பாவி, உம் புருஷன் என்னைத்தான் திட்டுவான் என்று கத்தினேன்.

இப்போது நீ வருகிறாய். அன்று சாயங்காலம் போனில் சந்தோஷமாகத்தான் பேசினாய். ஆனால் ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்த தை முதல் வாரத்து முகூர்த்தமும் அந்தப் போட்டியும் இடிக்குமே என்று நான் கேட்டபோது, நீ சொன்னது எழுத்து எழுத்தாக எனக்கு நினைவிருக்கிறது. "இடிக்காதும்மா. மூணு ரவுண்டு ஜெயிச்சாத்தான் மெயின். அவ தோள் இருக்கிற கண்டிஷனுக்கு ஒரு ரவுண்டே பெரிசு. பொங்கலுக்கு முன்னாடி வந்துடுவா, நீங்க பேஜாராவாதீங்க." அதோடு விட்டாயா? "இதோட போதும்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்கம்மா. சென்னையில கோச்சிங் வேலை பாத்து வெச்சிருக்கேன். நான் சொன்னா சண்டையாவுது, நீங்க சொன்னா கேப்பா." நான் உம் கொட்டினேன். அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது, உனக்கு லீவு கிடைத்துவிட்டது, அவளுடைய அம்மாவும் தைக்குத்தான் வருகிறாள். ஸ்வேதாவும் சரி என்றாள். பந்து சம்பந்தப்படாத எல்லாவற்றுக்கும் அவள் சரிதான் சொல்வாள்.

அச்சாபீஸ்காரர் பத்திரிகை வாசகம் வாங்க முதல்முறை வந்தபோது, பொண்ணு அப்போ ஊர்ல இருக்குமாங்க, வெளிநாடு போவுதுன்னு சொன்னாங்களே என்று கேட்டார். உங்கப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு, "அதெல்லாம் தோத்துட்டு வந்துடும்பா. நீ ஜல்தியா தேதியப் போட்டு அடி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவர் மனதில் ஒரு கல்மிஷமும் இல்லை. நானும் சிரித்தேன். உன் அத்தையும் சிரித்தாள். ஸ்வேதா அப்போது கூடத்திலேயே உட்கார்ந்து மட்டைப் பிடிக்குப் புதுசாக நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தூக்கவில்லை. சுற்றிய நாடாவைப் பிரித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து சுற்றினாள். எங்களில் ஒருவருக்காவது உறைத்ததா? அவளுக்குத் தெரிந்த தமிழே கொஞ்சம், அதில் அந்த வார்த்தைதான் முதலில் தெரியும் என்று!

மார்கழியில் அவள் கிளம்பிய அன்று காலை, ஏர்போர்ட் போகக் கார் வந்து நின்றது. மல்லிகா வாசலில் கோலத்தை மிதிக்காதே என்று டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தாள். உன் அத்தை விழுப்புரத்தில் இருந்து முறுக்குச் செய்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், மெல்போர்னில் முறுக்கு கிடைக்காதே என்று. நான் நெற்றியில் விபூதி வைத்தேன். குனிந்து வாங்கிக்கொண்டாள். காரில் ஏறப் போனவள் திரும்பி, எங்கள் எல்லோரையும் பார்த்துக் கை கூப்பி, தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "அத்தை, மாமா, தோத்துட்டு வர்றேன்."

கார் போய்விட்டது. உன் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயே, இன்னா பேச்சு இது வெள்ளிக்கிழமையும் அதுவுமா! போய்ட்டு வர்றேன்னு சொல்லுறதுக்குப் பதிலா சொல்லிடுச்சு, பாவம்." உங்கப்பா உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொல்லிக்குக் கிளம்பிவிட்டார். அன்று கொல்லியில் உழவு, தண்ணீர் பாய்ச்சல் என்று ஒரு வேலையும் இல்லை. அவள் தெரியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா என்று இதுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லியிருந்தால், கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணுக்கு நம் வீடு கற்றுக்கொடுத்த தமிழ் அது. தெரிந்தே சொல்லியிருந்தால், நாம் கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எது உண்மையாக இருந்தாலும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மயிலத்துக்குப் போனேன். படியேறி முருகன் முன்னால் நின்று கையைக் கூப்பினேன். கூப்பினால் ஏதாவது கேட்க வேண்டும் அல்லவா? கல்யாணம் தடங்கல் இல்லாமல் நடக்கணும் முருகா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படிக் கேட்டால் அவளைத் தோற்கடி என்று கேட்பதாகத்தானே அர்த்தம்? சரி, அவள் ஜெயிக்கட்டும் என்று கேட்கலாம் என்றால், மணமேடை காலியாக நிற்கும். எதைக் கேட்பது? பின்னால் நின்ற கூட்டம் தள்ளுகிறது, குருக்கள் நகருங்கம்மா என்கிறார். ஒன்றும் கேட்காமல் விபூதியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். என் ஆயுசில் முருகனிடம் ஒன்றும் கேட்காமல் வந்தது அன்றைக்குத்தான். மருமகள் நல்லா இருக்க வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்க முடியாதபடி ஒரு முகூர்த்தத்தை வைத்திருக்கிறோமே, நாம் என்ன ஜென்மம் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பாவிடம் சொன்னேன், தேதியை மாற்றணும். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "உனுக்கு இன்னா பைத்தியமா? சொந்தக்காரங்க எல்லாருக்கும் வாயால சொல்லியாச்சு. இப்ப தேதிய மாத்தினா ஊரு இன்னா பேசும் தெரியுமா? பொண்ணு ஓடிப்போச்சுன்னு பேசும்."

"பேசட்டுங்க. ஓடிக்கினுதான் இருக்கா, பந்து பின்னாடி."

"அது மூணு ஆட்டம் ஜெயிக்கும்னு நீ கண்டியா?"

"ஜெயிக்காதுன்னு நீங்க கண்டீங்களா? நம்ம வூட்டுப் பொண்ணு பரீட்சைக்குப் போனா, பெயிலாயிட்டு வந்துடும்னு சொல்லி நாள் குறிப்பீங்களா?"

மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வந்தவர், "மாசியில ஏதாவது நாள் இருக்குதான்னு ஜோசியரக் கேக்கறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் கேட்டார், இருந்தது. மண்டபத்துக்காரர் முனகினார், ஒப்புக்கொண்டார். உன் அத்தையிடம் நானே சொன்னேன். அவள்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பண்ணி, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். யாராவது கேட்டால் நீயும் அதையே சொல். அவளுடைய அம்மாவின் டிக்கெட்டையும் மாசிக்கு மாற்றச் சொல்.

நேற்று ஸ்வேதாவிடம் போனில் பேசினேன். கல்யாணம் மாசிக்குத் தள்ளியாச்சு, தையில் நீ எங்கேயும் வர வேண்டாம் என்றேன். புரியவில்லை. "கல்யாணம் இல்லையா, அத்தை?" என்றாள். ஐயோ, அடி லூசு, கல்யாணம் இருக்குது, மாசியில, நீ அவசரமா வராதே, நின்னு நிதானமா ஆடு என்று கத்தினேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பதினாலு வயதில் இருந்து எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அவளுக்குப் பிரியமானவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்களாம், எப்போ வர்றே? அவளுடைய அம்மா கேட்பாள், நீ கேட்பாய். அவளுக்கு அதற்குப் பதிலே தெரியாதாம். ஜெயித்துக்கொண்டிருக்கிறவரைக்கும் டிக்கெட் போட முடியாது, தோற்ற அன்றைக்குத்தான் போட வேண்டும். அதனால் எப்போ வர்றே என்று யார் கேட்டாலும் அவள் காதில் எப்போ தோற்பாய் என்றுதான் விழுமாம். "யாரும் வராதேன்னு சொன்னது இல்ல, அத்தை. நீங்கதான் first" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மல்லிகா வந்து, இன்னாக்கா, கேசு தோத்துடுச்சா என்று பயந்துவிட்டாள்.

செந்திலு, நீ கெட்டவன் இல்லை. அவளுக்கு வலிக்கிறதே என்றுதான் நிறுத்தச் சொல்கிறாய், அது எனக்குத் தெரியும். ஆனால் வலி அவளுடையது, நிறுத்துகிற நாளும் அவளுடையதுதான். ஒருநாள் அவளே வந்து போதும் என்பாள். அன்றைக்குச் சென்னை வேலையைப் பற்றிப் பேசு, அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசாதே. அவளிடம் சொல்லச் சொன்னாயே, நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கட்டிக்கப் போகிறவன் தன் தோல்வியை நம்பி நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒருத்திக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் நீ எத்தனை பவுனில் தாலி கட்டினாலும் அது கழுத்தில் உறுத்திக்கொண்டுதான் இருக்கும். உனக்குக் கிடைத்திருக்கிற லீவில் பாதியை இப்போதே எடுத்துக்கொண்டு மெல்போர்னுக்குப் போ, மீதி மாசிக்கு இருக்கட்டும். அவள் ஆடும்போது கண்ணில் படுகிற இடத்தில் உட்கார். ஜெயித்தால் கத்து. தோற்றால் தோளைப் பிடித்து அமுக்காமல், பசிக்குதா என்று கேள்.

உங்கப்பா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கே காலை என்றால் இங்கே எத்தனை மணி என்று மல்லிகாவின் மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் ஆட்டம் அன்றைக்குக் கொல்லிக்குப் போக மாட்டாராம். இனிமேல் அவளோடு போனில் பேசும்போது சாப்பிட்டியா என்று கேள், தூங்கினியா என்று கேள், தோள் எப்படி இருக்கிறது என்று கேள், முறுக்கு மீதி இருக்கிறதா என்றுகூடக் கேள். எப்போ வர்றே என்று மட்டும் கேட்காதே.

அம்மா